சட்டத்துக்கு வெளியே நிற்பவள்

பெண்ணிய நோக்கில் ஓவியம் பற்றி எழுதப்போகிறேன் என்றால் நிர்வாண ஓவியங்களைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற வாதம் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. முதலாம் ஆண்டு மாணவிகள்கூட அதைத் தடங்கலின்றிச் சொல்கிறார்கள். நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி என்றதும் தோழி ஒருத்தி, "அதுல பொம்பளையே இருக்க மாட்டாளேடி, எதை எழுதுவ?" என்று கேட்டாள். அவளுடைய கேள்வியையே இந்தக் கட்டுரையின் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு நிலத்தை வரைகிறார்கள். அதில் பெண் இல்லை. இல்லாமல் போனது எப்படி? அவளும் அவளுடைய வேலையும் இல்லாததால் அமைதியாகத் தெரியும் ஒரு படத்தை, பெண்ணாகிய நான் என் வீட்டுச் சுவரில் மாட்டி ரசிப்பது சரியா?

பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கும் ஓவியங்களை விட்டுவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ரொமான்டிக் காலம் என்று நாம் வகுப்பில் படிக்கும் அந்த எழுபது எண்பது ஆண்டுகளில், ஐரோப்பாவில் வரையப்பட்ட சின்னஞ்சிறு நிலக்காட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு நோட்டுப் புத்தக அளவு இருக்கும். சில அஞ்சலட்டை அளவே. இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் பெரிய மரம், நடுவில் வளைந்துபோகும் ஆறு, தூரத்தில் நீலமாகக் கரையும் குன்று, எங்கோ ஓர் இடிந்த கோபுரம், எல்லாவற்றின் மேலும் பொழுது சாயும் வெளிச்சம். ஏலங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் இவை இன்றும் கிடைக்கின்றன. வரைந்தவர் பெயர் தெரியாது என்றால் விலையும் அதிகமில்லை. பல நேரங்களில் ஒரு பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்கிவிடும்.

சின்னதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. சில, ஓவியர்கள் வெட்டவெளியில் உட்கார்ந்து தாளில் எண்ணெய் வண்ணத்தால் வேகமாகத் தீட்டிய பயிற்சிப் படங்கள். பிரெஞ்சு ஓவியர் வலென்சியென் 1800ஐ ஒட்டி வெளியிட்ட பாடநூலில், இத்தகைய படத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறார். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் என்றால் அரை மணி நேரம்தான். வெளிச்சம் அதற்குமேல் காத்திருக்காது. இன்னும் சில, நடுத்தரவர்க்க வீடுகளின் வரவேற்பறைக்காகவே வரைந்து விற்கப்பட்டவை. மூன்றாவது வகை, வீட்டுப் பெண்கள் நீர்வண்ணத்தில் வரைந்து ஆல்பங்களில் ஒட்டிவைத்தவை. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று காரைக்குடியில் வாங்கியது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் சாமான்களை விற்கும் பழம்பொருள் கடைத்தெருவில், எனாமல் தூக்குகளுக்கும் ரசம்போன பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் இடையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பலகையில் தீட்டிய எண்ணெய் வண்ணம், ஆறங்குலத்துக்கு ஒன்பதங்குலம், பின்பக்கம் செல்லரித்தது. எந்த ஊர் ஆறு, யார் வரைந்தது என்ற விவரம் எதுவும் இல்லை. மற்ற இரண்டும் நீர்வண்ணம். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி அனுப்பினாள். மாலையில் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தக் காரைக்குடி ஆற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். (அதை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.) அது தரும் ஆறுதல் பொய்யில்லை. அந்த ஆறுதலுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

இந்த வகை அழகுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அதை வகுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் கில்பின் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1770இல் வை ஆற்றில் படகில் போய்ப் பார்த்தவற்றை 1782இல் நூலாக வெளியிட்டார். ஒரு நிலத்தை 'பிக்சரெஸ்க்' ஆக்குவது எது, அதாவது ஓவியத்துக்குத் தகுந்ததாக்குவது எது என்பதே அவருடைய ஆராய்ச்சி. வழவழப்பைவிடக் கரடுமுரடு மேல். ஒழுங்கைவிடச் சிதைவு மேல். டின்டர்ன் என்ற ஊரில் இடிந்துகிடக்கும் மடாலயத்தைப் பார்த்துவிட்டு, அதன் முகட்டுச் சுவர்கள் இன்னும் அழகாக இடியவில்லை, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் தேவலை என்று எழுதினார்.

அந்தக் காலத்துப் பயணிகள் கையில் 'குளோட் கண்ணாடி' ஒன்றை வைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் குளோட் லொரெய்ன் பெயரால் வழங்கிய, கருமை பூசிய சிறு குவியாடி அது. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். நிலம் சிறுத்து, நிறம் அடங்கி, ஓவியம்போல ஆகிவிடும். கவிஞர் தாமஸ் கிரே 1769இல் ஏரி மாவட்டத்தில் இப்படிக் கண்ணாடியும் கையுமாகப் போய், சேற்றுப் பாதையில் மல்லாந்து விழுந்து விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். நிலத்துக்கு முதுகு காட்டினால்தான் நிலம் அழகாகும் என்ற இந்த ஏற்பாட்டைச் சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். அருவிக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கும் நம்மையும் சேர்த்துத்தான் சிரிக்கிறோம் என்று நினைவுபடுத்துவேன்.

கில்பினின் இன்னொரு விதியைச் சிரித்துக் கடக்க முடியாது. ஏரி மாவட்டம் பற்றி 1786இல் வெளியிட்ட நூலில் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அறத்தின் கண்ணால் பார்த்தால் உழைப்பவர், சோம்பி நிற்பவரைவிட மேலானவர். ஓவியத்தின் கண்ணால் பார்த்தால் தலைகீழ். கோலில் சாய்ந்து நிற்கும் மாட்டுக்காரரையும் பாறைமேல் சாய்ந்து கிடக்கும் குடியானவரையும் காட்சிக்குள் அனுமதிக்கலாம். கருவிகளோடு வேலை செய்பவரை அனுமதிக்க முடியாது. அறத்துக்கு ஒரு கண், அழகுக்கு ஒரு கண் என்று எழுதியவர் ஒரு பாதிரியார் என்பதுதான் வியப்பு. அவருடைய வெளிப்படைத்தன்மையை மதிக்கிறேன். இதே விதியைச் சொல்லாமல் பின்பற்றுபவர்கள் நம்மில் அதிகம். பச்சைவெளி என்று கவிதையில் எழுதும் நாம், களையெடுப்பவளின் இடுப்புவலியை அதே கவிதையில் எழுதுகிறோமா?

இந்த இலக்கணம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் தமிழகத்தின் தெற்குவரை பயணம் செய்தார்கள். திப்பு சுல்தானோடு கம்பெனி நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மாமல்லபுரம், மதுரை, திருச்சி மலைக்கோட்டை, பாபநாசம் அருவி எல்லாம் அவர்களுடைய படங்களாயின. 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான 144 அக்வாடின்ட் அச்சுப்படங்களில் அவையும் அடங்கும். இன்று நம் விடுதிகளின் வரவேற்பறையில் தொங்கும் 'பழைய தமிழ்நாடு' பெரும்பாலும் அவர்கள் கண்ணால் பார்த்த தமிழ்நாடுதான்.

*

இப்படங்கள் வரையப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் நிலத்துக்கு என்ன நடந்துகொண்டிருந்தது? 1604க்கும் 1914க்கும் இடையில் அந்நாட்டு நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, வேலிக்குள் போனது. அதில் பெரும்பகுதி 1750க்குப் பின்வந்த நூறு ஆண்டுகளில் நடந்தது. நம் வழக்கில் சொன்னால், மேய்ச்சல் புறம்போக்கு தனியார் பட்டாவானது. அந்தப் பொதுநிலத்தில் ஒற்றைப் பசுவை மேய்த்தது, சுள்ளி பொறுக்கியது, காட்டுப்பழம் பறித்தது எல்லாம் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பொருளாதார வரலாற்றாளர் ஜேன் ஹம்ஃப்ரீஸ் 1990இல் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்காட்டியது. பொதுநிலம் போனபோது, கூலிக்கு வெளியே பெண்கள் கையில் இருந்த ஆதாரம் போனது. குடும்பம் கூலியை மட்டும் நம்பவேண்டியதாயிற்று. பெண் கணவனின் கூலியை நம்பவேண்டியதாயிற்று.

ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன். 1787இல் சஃபோக் மாவட்டத்தின் டிம்வொர்த் என்ற ஊரில் மேரி ஹௌட்டன், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினார். நம் ஊரிலும் வழக்கமிருந்த அதே வேலை. ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்கால ரொட்டிக்கான மாவு இப்படித்தான் சேர்ந்தது. நிலத்துக்காரர் ஜேம்ஸ் ஸ்டீல் வழக்குப் போட்டார். கதிர் பொறுக்கும் உரிமை என்று ஒன்று நாட்டின் பொதுச் சட்டத்தில் கிடையாது என 1788இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். சட்ட ஏடுகளில் இந்த வழக்கின் தலைப்பு 'ஸ்டீல் எதிர் ஹௌட்டனும் மனைவியும்' என்ற பொருளில் பதிவாகியிருக்கிறது. கதிர் பொறுக்கியவர் மேரி. தலைப்பில் அவருக்குப் பெயரில்லை, உறவு மட்டும்தான்.

இங்கிலாந்து நிலக்காட்சியின் அடையாளமாகவே இன்று ஆகிவிட்ட ஜான் கான்ஸ்டபிள் 1776இல் பிறந்தது இதே சஃபோக் மாவட்டத்தில். அவருடைய படங்களில் உழைப்பவர்கள் உண்டு. ஆனால் முகம் தெரியாத தொலைவில், நிலத்தின் நிறத்தோடு நிறமாக இருக்கிறார்கள். அந்தத் தொலைவு தற்செயலானதில்லை என்று ஜான் பாரெல் 1980இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கிராமத்து ஏழையின் முகத்தை அருகில் பார்த்தால் அந்தக் காட்சியின் அமைதி குலையும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நாடாளுமன்றம் இயற்றுவதும் சட்டம். படத்தைச் சுற்றி அடிக்கும் மரமும் சட்டம். மேரி ஹௌட்டனை இரண்டு சட்டங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளியே நிறுத்தின.

*

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குத் திணை நினைவுக்கு வராமல் போகாது. தொல்காப்பியத்தின் நிலம் வெறும் காட்சி இல்லை. முதற்பொருளான நிலமும் பொழுதும் ஒரு பக்கம் என்றால், கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு தொழிலும் இருக்கிறது. அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லாமல் ஒரு நிலத்தைச் சொல்லி முடிக்க முடியாது. தேன் எடுப்பதும் தினை காப்பதும் இல்லாத குறிஞ்சி ஏது? மீன் உணக்குவதும் உப்பு விற்பதும் இல்லாத நெய்தல் ஏது? கில்பினின் விதியைப் படித்த கையோடு கருப்பொருள் பட்டியலை எடுத்துப் படித்தால் மூச்சு விடுவதுபோல இருக்கிறது.

ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டு நம் பெருமையைப் பேசிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அதே அகத்திணையியல், அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் ஏவல் தொழில் செய்பவர்களையும், ஐந்திணையின் தலைமக்களாக வைப்பதில்லை. அவர்களுடைய காதலைப் பாடலாம், ஐந்திணைக்குப் புறத்தே என்கிறது. உரையாசிரியர்கள் அதைக் கைக்கிளை, பெருந்திணை என்று விளக்குகிறார்கள். வேலை நிலத்துக்குள் வந்துவிட்டது. வேலை செய்கிறவர் நடுவிடத்துக்கு வரவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தலைவிக்கு அது பொழுதுபோக்கா பிழைப்பா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டபோது, அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியோடே முடித்தேன். அழகியல் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஓர் இடம் அதில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது படிப்பவர் வேலை.

என் வீட்டில் அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்தவர் நான் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மன்னார்குடிப் பக்கம் இருபது வருஷம் நடவும் களையுமாக வயலில் இருந்தவர். படத்துச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே ஒருநாள், "ஏம்மா, இவ்ளோ பச்சையாக் கெடக்கு, ஒரு ஆளயும் காணுமே. இத்தனையும் யாரு பாத்தது?" என்று கேட்டார். ஆற்றங்கரையில் கடுகளவு சிவப்பாக இருக்கும் ஒரு பெண்ணைக் காட்டி, "இதோ இருக்காங்களே அக்கா" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இவ சும்மால்ல நிக்கிறா? இடுப்புல ஒரு கொடங்கூட இல்ல" என்றார்.

அந்தச் சிவப்புப் பெண்ணை இந்த வகைப் படங்கள் பலவற்றில் பார்க்கலாம். அன்றைய ஆங்கிலக் கிராமத்துப் பெண்கள் சிவப்பு மேலங்கி அணிந்தது உண்மைதான். ஆனால் ஓவியருக்கு அவள் வேறொன்றுக்காகத் தேவைப்பட்டாள். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. ஒரு பொட்டு வைத்தால் பச்சை முழுவதும் உயிர்பெறும். இப்படி நிலத்துக்குள் வைக்கும் சிறு உருவங்களுக்கு ஓவியக்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்டாஃபேஜ்'. மரம் எவ்வளவு உயரம், ஆறு எவ்வளவு அகலம் என்று காட்டும் அளவுகோல் அவள். நிலத்தில் வாழ்ந்தவள் நிலத்தை அளக்கும் குச்சியாகிவிட்டாள்.

*

இதுவரை படத்துக்குள் பார்த்தோம். வரைந்த கை யாருடையது என்று கேட்டால் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது.

லண்டனில் 1768இல் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெண், லாரா நைட், முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல். இடையில் 168 ஆண்டுகள். நிர்வாண மாதிரியை வைத்து உடற்கூறு பயிலும் வகுப்பு பெண்களுக்கு மூடியிருந்ததால், மதிப்பு மிக்கதாகக் கருதப்பட்ட வரலாற்று ஓவியம் அவர்களுக்கு எட்டாமல் போனது. மிச்சமிருந்தவற்றில் பூக்களும் நிலக்காட்சியும் உண்டு. நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோவும் தையலும்போல நீர்வண்ணமும் கல்யாணத் தகுதி. 1780களில் வில்லியம் ரீவ்ஸ் வில்லை வடிவில் நீர்வண்ணம் விற்கத் தொடங்கியிருந்தார். ஒரு சிறு பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு ஜன்னல் போதும். வீட்டைவிட்டுப் போகாமலே தூரத்து மலையை வரையலாம். அப்படி வரைந்த ஆல்பங்கள் பின்னாளில் வியாபாரிகள் கைக்கு வந்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து விற்கப்பட்டன. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் அத்தோடு போயிற்று.

பெயரில்லாத படத்துக்கு ஏல அட்டவணையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இன்ன ஓவியருடையதாகக் கருதப்படுவது, இன்னாருடைய வட்டம், இன்னாரைப் பின்பற்றியவர், இன்னாருடைய பாணி, இன்னாரைப் பார்த்து வரைந்தது. ஒவ்வொரு படியாக விலை இறங்கும். அந்த 'இன்னார்' பெரும்பாலும் ஆண். நம் குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் த/பெ, க/பெ என்று போடுவார்களே, அதேதான். தந்தை பெயர் இல்லையென்றால் கணவர் பெயர். ஓர் ஆணுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறாள் என்பதை வைத்து ஒருத்தியின் மதிப்பு.

இவர்களில் சிலர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹட்சன் நதி ஓவியப் பள்ளி என்றால் தாமஸ் கோல் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய தங்கை சாரா கோலும் ஓவியர். சூசி பார்ஸ்டோ என்பவர் மலையேற்றத்துக்கு ஏற்ற உடையில் சிகரங்களுக்கு ஏறிப் போய் வரைந்தவர். இவர்களைப் போன்ற பெண்களுக்கென்றே ஒரு கண்காட்சி தாமஸ் கோலின் வீட்டில் நடந்தது 2010இல்தான். நம் சென்னையிலும் இப்படி இருவர் இருந்தார்கள். நீதிபதியின் மனைவியாக 1801இல் வந்த எலிசபெத் க்வில்லிம் பறவைகளை வரைந்தார்; உடன் வந்த தங்கை மேரி சைமண்ட்ஸ் மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்தார். எலிசபெத் 1807இல் இங்கேயே இறந்துபோனார். அந்தப் பறவைப் படங்கள் நூறாண்டுக்கு மேல் கழித்து, 1924இல்தான் லண்டனில் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டன. இன்று அவை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர்களும் ஆளும் இனத்துப் பெண்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஒருத்தி ஓரிடத்தில் ஒடுக்கப்பட்டவளாகவும் இன்னோரிடத்தில் அதிகாரத்தின் வீட்டுக்காரியாகவும் இருக்க முடியும்.

நம் ஆங்கிலப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்கள் கவிதையையும் இங்கே சொல்லவேண்டும். கவிதையில் வருபவர் தனியாக நடக்கிறார். 1802 ஏப்ரல் 15 அன்று ஏரிக்கரையில் அவர் அந்தப் பூக்களைப் பார்த்தபோது தங்கை டோரதி உடன் நடந்தார். அந்த நாளை விரிவாகத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கவிதை அச்சானது 1807இல். அதன் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்களின் கண்ணும் சொல்லும் சேர்ந்த ஒரு நிலக்காட்சி, ஓர் ஆணின் தனிமையாக நமக்குப் பாடமானது.

*

அப்படியானால் இந்தப் படங்களைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களோடு எனக்குள்ள விவாதம் இதுதான். என் நீர்வண்ணங்கள் இரண்டிலும் கையொப்பம் இல்லை. அவற்றை வரைந்தவர் ஒரு பெண்ணாக இருக்கலாம், ஜன்னலுக்கு வெளியே போக அனுமதியில்லாத ஒருத்தியாக இருக்கலாம். அவள் போக முடிந்த தூரம் அந்தத் தாளில் மட்டும் இருந்திருக்கலாம். நிலத்திலிருந்து மேரி ஹௌட்டன் நீக்கப்பட்டதற்காக நான் படத்தைக் கழற்றினால், முன்பே பெயரைத் தொலைத்த இந்தப் பெண்ணை இரண்டாவது முறை அழிக்கிறேன். ஒருத்திக்கு நியாயம் செய்ய இன்னொருத்தியைக் குப்பையில் போடவேண்டும் என்றால் அந்த நியாயத்தில் ஏதோ குறையிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தூரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெண்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. நம் ஊரில் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆண்களுடையது. தேநீர்க் கடை பெஞ்சும் ஆண்களுடையது. ஒரு பெண் மதகுமேல் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது வந்து "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்பார்கள். மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட நூல், பொது இடத்தில் காரணமில்லாமல் சுற்றித் திரிவதையே பெண்ணின் உரிமையாக முன்வைத்தது. கில்பின் பாறைமேல் சாய்ந்து கிடக்கும் குடியானவனை அனுமதித்தார். ஆறுதலாகச் சாய்ந்து கிடக்கும் பெண்ணை வீடு அனுமதிப்பதில்லை, தெருவும் அனுமதிப்பதில்லை. அவளுக்கு என் சுவரில் ஆறங்குல தூரமாவது இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். நடந்து போய்ப் பார்க்கவேண்டிய தூரத்துக்குப் பதிலாக வாங்கி மாட்டிய தூரம் போதும் என்று ஆகிவிட்டால், அந்தப் பழைய கல்யாணத் தகுதிப் பயிற்சியைத்தான் நாமும் தொடர்கிறோம். ஜன்னலடியில் உட்கார்ந்து மலையை வரைந்துகொள், மலைக்குப் போகாதே என்பது அதன் சாரம். சூசி பார்ஸ்டோ மலைக்குப் போனார். படம் வெளியே போகத் தூண்டுகிறதா, வீட்டிலேயே இருத்திவிடுகிறதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மை வைத்தே சோதிக்கலாம்.

அறிந்துகொண்டால் ரசனை போய்விடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எனக்கு அப்படி நேரவில்லை. பழைய எண்ணெய் ஓவியங்களில் நாம் மயங்கும் பொன்மாலை வெளிச்சத்தில் ஒரு பங்கு, மேலே பூசிய வார்னிஷ் காலத்தால் மஞ்சளித்ததால் வந்தது. அந்தப் பழுப்பையே அழகு என்று அக்காலத்திலேயே நம்பினார்கள். சர் ஜார்ஜ் பியூமான்ட் என்ற ரசிகர், நிலக்காட்சி பழைய வயலினின் நிறத்தில் இருக்கவேண்டும் என்றபோது, கான்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப் போய்ப் பச்சைப் புல்லில் வைத்துக் காட்டினார் என்று சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் ஆற்றின் மாலை மங்கிவிடவில்லை. மேலே மஞ்சள், அடியில் வேறொரு பகல் என்று இரண்டையும் பார்க்கிறேன். மேரி ஹௌட்டனையும் அப்படித்தான் பார்க்க முடிகிறது.

எனவே என் நிலைப்பாடு இது. அழகை விரும்புவது குற்றமில்லை. அந்த அழகு குலையாமல் இருக்க எதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கச் சம்மதிக்கிறோம் என்பதில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது. சேகரிப்பவருக்கு இதில் சில கடமைகள் உண்டு. ஆல்பத்தைப் பிரித்து ஒற்றைத் தாளாக விற்பவரிடம், அது எந்த ஆல்பத்திலிருந்து வந்தது, அதில் வேறென்ன இருந்தது என்று கேட்கலாம். பின்பக்கத்துப் பென்சில் குறிப்பையும் கிழிந்த சீட்டையும் புதுச் சட்டம் போடும்போது எறியாமல் வைக்கலாம். என் மூன்று படங்களின் பின்னாலும் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். வரைந்தவர் பெயர் தெரியவில்லை, ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை, இந்த ஆண்டு, இந்த ஊரில், இன்னாரிடமிருந்து, இந்த விலைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறேன். 'இன்னாருடைய பாணி' என்று எழுதவில்லை.

கில்பினுக்கு டின்டர்னில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சுவர்கள் அழகாக இடியவில்லை என்று அவர் குறைபட்ட அதே மடாலயத்தின் இடிபாடுகளில் ஏழைகள் குடிசை போட்டுப் பிச்சையெடுத்து வாழ்ந்தார்கள். அவர்களில் ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அவரை அழைத்தாள். வாதத்தில் விழுந்த உடல்; இரண்டு கோல்களை ஊன்றி ஊர்ந்ததுபோல நடந்தாள். காஞ்சொறியும் முள்ளும் மண்டிய ஒரு வழியாகக் கூட்டிப்போய், இடிந்த சுவர்களுக்கு நடுவில் ஓரிடத்தைக் காட்டினாள். அது அவளுடைய வீடு. ஈரம் கசியும் சுவர், காலடியில் அமிழும் மண்தரை. பாத்திரம் பண்டம் எதுவும் இல்லை. ஒரு கட்டில் மட்டும், சுவரின் ஈரம் படாமல் நடுவில் இழுத்துப் போட்டிருந்தது. அவள் காட்ட விரும்பியது நூலகத்தை அல்ல, தன் நிலைமையை என்று கில்பினே எழுதுகிறார். அவருடைய அழகு விதிகளில் அவளுக்கு இடமில்லை. ஆனாலும் புத்தகத்தில் ஒரு பத்தி அவளுக்குக் கிடைத்தது, அவளே முன்வந்து அவரை அழைத்துப் போனதால்.

வீட்டுக்கு வருகிற தோழிகள் காரைக்குடிப் படத்தின்முன் நின்று, "என்ன ஒரு வெளிச்சம்" என்பார்கள். ஆமாம், உட்காருங்கள் என்று தேநீர் போடுவேன். பிறகு கதிர் பொறுக்கிய மேரி ஹௌட்டனைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். நீண்ட கதையில்லை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.